பாட்லாட்ச் 2: வேறு தளத்துக்கு மாற்றுவதா, முன்மாதிரி இயக்கியா?

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பழைய வரைபடத் தொகுப்பியான (வரைபடத்தைத் திருத்தும் கருவி) பாட்லாட்ச் 2, உலாவிக்குள் அடோபியின் ஃபிளாஷ் மென்பொருளை நம்பி இயங்கியது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தவிருந்த நிலையில், இத்தொகுப்பியைக் காப்பாற்ற இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, நிரலை அடோபி ஏர் (ஃபிளாஷ் நிரல்களை உலாவிக்கு வெளியே இயக்கும் தளம்) என்பதற்கு மாற்றிக் கணினியில் நிறுவும் செயலியாக்குவது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை 2020இல் இதற்கு 2,500 யூரோ ஒதுக்கியது. நிரல்மொழி ஃபிளாஷுக்கான அதே ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்பதால் வேலை ஓர் எல்லைக்குள் முடிந்துவிடும். உணவகச் சின்னத்தைப் பக்கப்பட்டியிலிருந்து இழுத்து வரைபடத்தில் போடும் பழகிய கைவேகமும் அப்படியே தொடரும். ஆனால் உலாவியிலேயே திருத்தும் வசதி போய்விடும். ஏரின் பராமரிப்பும் 2019இலேயே ஹார்மன் நிறுவனத்திடம் சென்றுவிட்டதால், ஒரு நிறுவனத்தின் முடிவைச் சார்ந்திருக்கும் நிலை மாறாது.

இரண்டாவது வழி, ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ரஃபிள் என்ற திறந்த மூல முன்மாதிரி இயக்கிக்கு (ஃபிளாஷ் இல்லாமலே ஃபிளாஷ் கோப்புகளை இயக்கும் மென்பொருள்) நிதி தருவது. இதில் கிடைக்கும் பலன் ஒரு தொகுப்பியோடு நில்லாமல், ஃபிளாஷில் உருவான எண்ணற்ற விளையாட்டுகளையும் பாடங்களையும் சென்றடையும். எனக்கு மனதளவில் பிடித்த வழியும் இதுவே. எனினும் அன்று ரஃபிளின் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 ஆதரவு தொடக்க நிலையில்தான் இருந்தது. பாட்லாட்ச் 2 எழுதப்பட்டதோ அந்த மொழியில்தான்.

கெடு நெருங்கிய வேளையில், பல ஆண்டுகளாக அக்கருவியில் கைபழகிய தன்னார்வலர்களைக் காக்க வைக்காத முதல் வழிக்குப் பணம் தந்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன். புதியவர்களுக்கு 2013 முதல், உலாவியிலேயே ஃபிளாஷ் இல்லாமல் இயங்கும் ஐடி (iD) தொகுப்பி இருக்கிறது.