ஒன்றரை லிட்டர் பிட்சரில் ஒரு லிட்டர் பீர்கூட இல்லை

நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு ஹோட்டல் பப்பில் போன சனிக்கிழமை நடந்தது இது. கூட்டமாகப் போய் பிட்சர் (பீரை ஊற்றித் தரும் பெரிய ஜக்) வாங்குகிறவர்கள் அவசியம் படியுங்கள்.

மெனுவில் பிட்சர் 1.5 லிட்டர் என்று போட்டிருந்தது. பாட்டிலை எங்கள் முன்னால் திறக்கவில்லை, உள்ளேயே ஊற்றி எடுத்து வந்தார்கள். மேலே கால்வாசி நுரை. அது அடங்கியதும் மேஜையில் காலியாகக் கிடந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் நண்பன் அதை ஊற்றிப் பார்த்தான். கழுத்துவரைகூட வரவில்லை! 650 மில்லி பாட்டில் இரண்டை ஊற்றியிருந்தாலே 1.3 லிட்டர் வந்திருக்குமே. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினால், “நுரையோட சேத்துதான் சார் கணக்கு” என்கிறார்.

முனிச்சில் குடித்தபோது ஒவ்வொரு கிளாஸிலும் அளவுக்கோடு இருந்ததைப் பார்த்தேன். ஜெர்மனியில் அது சட்டம். பீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேலேதான். முனிச்சின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட்டில் ஒரு லிட்டர் குவளையைக் குறைத்து ஊற்றுவதை எதிர்த்துப் போராட அந்த ஊரில் ஒரு சங்கமே இருக்கிறது. லண்டனில் ஒரு பைன்ட் என்றால் 568 மில்லி. குறைகிறது என்று சொன்னால் முகம் சுளிக்காமல் நிரப்பித் தந்தார்கள். பிராகில் ஒவ்வொரு கிளாஸுக்கும் மேஜைமேல் இருக்கிற துண்டுச்சீட்டில் ஒரு கோடு போடுகிறார்கள், கணக்கு நம் கண்முன்னாலேயே இருக்கிறது. காசு கொடுக்கிறவனுக்கு அங்கே இருக்கிற அந்த மரியாதை நம் சென்னையில் ஏன் இல்லை என்றுதான் வயிறு எரிகிறது.

விலையைப் பற்றி நான் பேசவில்லை. ஹோட்டல்கள் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017இல் சொல்லிவிட்டது. ஆனால் அளவைக் குறைப்பது ஏமாற்று வேலை.

அப்புறம் பில். கேட்காமலே 10% சர்வீஸ் சார்ஜ். எடுக்கச் சொன்னதற்கு, “சிஸ்டமே போடுது சார்” என்றார்கள். இப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லியிருக்கிறது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025இல் அதை உறுதி செய்தது. இதைச் சொல்லி அரை மணி நேரம் வாதாடிய பிறகுதான் எடுத்தார்கள். பீர் மேல் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மதுவுக்கு வாட் மட்டும்தான்.

பிட்சரே வேண்டாம். பாட்டிலாகக் கேளுங்கள், மேஜையில் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள், தேதியையும் பாருங்கள். அளவு குறைந்தால் போட்டோ எடுத்து, பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள். எடையளவு மோசடியை நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை கவனிக்கிறது, அங்கேயும் எழுதலாம். நான் இரண்டு இடத்திலும் கொடுத்துவிட்டேன்.