மலை வளைவுக்கு எந்த டயர்: ரோடு 5-ஆ, ஆல்ஃபா எச்1-ஆ?

என் கேடிஎம் டியூக் 390 பைக்கின் பழைய பின் டயரைக் கழற்றிய கடைக்காரர், அதைத் தரையில் நிறுத்தி விரலால் தடவிக் காட்டினார். "நடுவுல மொட்டைங்கண்ணா. ஓரத்துல பட்டன் புதுசாவே இருக்கு பாருங்க." ஓடியது 6,500 கி.மீ.தான். வாங்கிய புதிதில் ஏற்காட்டு வளைவுகளில் அவ்வளவு அழகாக ஒட்டிய மென்மையான ஸ்போர்ட் டயர் அது. சேலத்திலிருந்து சென்னைக்கு மாதம் இரண்டு முறை போய்வருகிற எனக்கு, உளுந்தூர்பேட்டை வரைக்கும் நேராகக் கிடக்கிற நாலுவழிச் சாலையே அதன் நடுப்பகுதியைத் தின்றுவிட்டது.

அடுத்த ஜோடிக்கு இரண்டு டயர்களை முடிவு செய்து வைத்திருந்தேன்: மிஷலின் ரோடு 5, அப்பல்லோ ஆல்ஃபா எச்1. இரண்டும் ரேடியல், இரண்டிலும் முன்னே 110/70, பின்னே 150/60 அளவு கிடைக்கிறது. நான் ரோடு 5 போட்டு 7,000 கி.மீ. ஆகிறது. என் மாமா மகனும் இதே வண்டிதான் வைத்திருக்கிறான். அவன் ஆல்ஃபா எச்1 போட்டான். ஏற்காட்டில் இரண்டு முறை வண்டியை மாற்றி ஓட்டிப் பார்த்தோம். கொல்லிமலைக்கு நான் என் வண்டியில் மட்டுமே போயிருக்கிறேன்.

காய்ந்த சாலையில் பிடிப்பு, பிரேக், சத்தம் பற்றியெல்லாம் அதிகம் பேச வேண்டியதில்லை. நம் மலைப்பாதைகளில் நாம் போகிற வேகத்துக்கு இரண்டுமே போதும், தாராளமாகப் போதும்.

முதல் அபிப்பிராயத்தில் ஜெயிப்பது ஆல்ஃபா எச்1தான். ஹேண்டிலை லேசாகத் தள்ளியதுமே வண்டி சாய்ந்துவிடுகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே வருகிற சின்னச் சின்ன வளைவுகளில் அது தருகிற சுறுசுறுப்பு எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. "மச்சான், உன் வண்டியைவிட இது பாதி எடை மாதிரி இருக்குல்ல?" என்றான் மாமா மகன். அப்படித்தான் இருந்தது. ரோடு 5 கொஞ்சம் நிதானம். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு மட்டும் சாயும், சாய்ந்த இடத்தில் அப்படியே நிற்கும்.

அப்படியிருந்தும் நான் ரோடு 5 பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: டயரின் வளைந்த வடிவம் எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்படியே இருக்கிறது என்பது. மலைப்பாதைக்கு டயர் தேடும்போது எல்லோரும் பிடிப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இதைக் கேட்பவர் குறைவு.

பைக் டயரின் குறுக்குவெட்டு காரின் டயரைப் போலத் தட்டையாக இருக்காது, வில்லாக வளைந்திருக்கும். நிமிர்ந்து போகும்போது நடுப்பகுதி சாலையைத் தொடுகிறது, சாயச் சாய அந்தத் தொடும் இடம் மெல்ல ஓரத்துக்கு நகர்கிறது. அந்த நகர்வு சீராக இருந்தால்தான் வளைவில் மனசு நிம்மதியாக இருக்கும். நேர்ச்சாலையில் ஓடி ஓடி நடுப்பகுதி பட்டையாகிவிட்டால் அங்கே ஒரு விளிம்பு உருவாகிறது. சாய்க்கும்போது வண்டி முதலில் முரண்டு பிடிக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் அந்த விளிம்பைத் தாண்டிப் பொத்தென்று உள்ளே விழும். கடைசி மாதங்களில் என் பழைய டயர் அப்படித்தான் செய்தது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு வலது வளைவில் நினைத்ததைவிட இரண்டடி உள்ளே போய்விட்டேன். எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து இடம் கொடுத்தார். ரப்பரில் அன்றைக்கும் பிடிப்பு இருந்தது. டயரின் வடிவம் போய்விட்டிருந்தது, அதுதான் கோளாறு.

இதைச் சோதிக்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும். பின் டயரின் குறுக்கே, நடுவில் வைத்துப் பாருங்கள். நல்ல டயரில் ஸ்கேல் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு, இரண்டு பக்கமும் சீசா பலகை மாதிரி ஆடும். பட்டையான டயரில் ஆடாமல் படுத்துவிடும். என் பழைய டயரில் மூன்று விரல் அகலத்துக்குப் படுத்தது. ரோடு 5-இல் 7,000 கி.மீ. தாண்டியும் ஒரு விரல் அகலம்கூட வரவில்லை. சென்னை ஓட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இதற்குக் காரணம் அதன் ரப்பர். ரோடு 5-இன் நடுப்பகுதியில் கடினமான கலவை, ஓரங்களில் மென்மையானது. பின் டயரில் அந்தக் கடினக் கலவை ஓர ரப்பருக்கு அடியிலும் நீண்டு போகிறது, அதனால் சாய்ந்தபடி ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது ஓரம் நெளிவதில்லை. நெடுஞ்சாலையின் தேய்மானத்தை நடுப்பகுதி தாங்கிக்கொள்கிறது, மலைக்குத் தேவையான மென்மை ஓரத்தில் பத்திரமாக இருக்கிறது. கொல்லிமலையில் இதன் அருமை தெரிந்தது. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். அங்கே வேகம் 20, 25-ஐத் தாண்டாது, பெரிய சாய்மானமும் இல்லை. ஆனால் இடது, வலது, இடது என்று வண்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டை டயரோடு முன்பு போனபோது 40-வது வளைவுக்குள் தோள் வலித்தது. இந்த முறை 70-ஐ முடித்தபோது கைகள் இலகுவாகவே இருந்தன.

ஆல்ஃபா எச்1 எவ்வளவு சீக்கிரம் பட்டையாகும் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாமா மகன் 2,500 கி.மீ.தான் ஓட்டியிருக்கிறான், அதிலும் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம். அவன் டயர் தேய்வதே ஓரத்தில்தான்.

மழை விஷயத்திலும் என் அனுபவம் சிறியது. குப்பனூர் வழியாக ஒரே ஒரு மாலை, முக்கால் மணி நேரம், நல்ல தூறலில் ரோடு 5-இல் இறங்கினேன். சாலை முழுக்க சில்வர் ஓக் இலைகள் ஒட்டிக்கிடந்தன. ஒரு முறைகூட வழுக்கவில்லை. நீரை வாங்கி வெளியேற்ற இந்த டயரில் மெல்லிய வெட்டுகள் உண்டு. உள்ளே போகப் போக அவை அகலமாகும்படி செய்திருக்கிறார்கள், அதனால் தேய்ந்த பிறகும் வேலை செய்யும். ஆனால் வளைவுகளில் பஸ் டேங்கிலிருந்து சிந்துகிற டீசலுக்கு முன்னால் எந்த டயரும் ஒன்றுதான். மழையில் அந்த வானவில் நிறத்தைப் பார்த்தால் விலகிப் போங்கள்.

விலையில் ரோடு 5 கணிசமாகக் கூடுதல். கிடைப்பதும் கஷ்டம். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதிக்கு அனுமதி பெற வேண்டும் என்று கட்டுப்படுத்தியது, அதன்பிறகு வெளிநாட்டு பைக் டயர்கள் நினைத்த நேரத்தில் கிடைக்கவில்லை. எனக்கு முன் டயர் ஒரு ஊரிலும் பின் டயர் இன்னொரு ஊரிலும் கிடைத்தன. வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைக் கட்டாயம் பாருங்கள். 3223 என்றால் 2023-இன் 32-வது வாரத்தில் செய்தது. நாள்பட்டு கடையில் கிடந்த டயருக்கு முழு விலை கொடுக்காதீர்கள். ஆல்ஃபா எச்1 வாங்க இந்த அலைச்சல் இல்லை.

எதைப் போட்டாலும் முதல் 150 கி.மீ. பொறுமையாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேல்பரப்பு வழுக்கும். அப்புறம் காற்று. பங்க்சர் கடைகளில் கேட்காவிட்டால் 35, 40 பிஎஸ்ஐ என்று அடித்துவிடுகிறார்கள். அவ்வளவு காற்றில் நடுப்பகுதி மட்டும் புடைத்துச் சாலையில் உரசும், பட்டையாவது இன்னும் வேகமாகும். தனியாகப் போகும்போது நான் இரண்டிலும் 29 வைக்கிறேன், வாரம் ஒரு முறை காலையில் டயர் சூடாவதற்கு முன்பே பார்த்துவிடுகிறேன்.

மாமா மகனிடம் டயரை மாற்றச் சொல்லவில்லை. அவன் நெடுஞ்சாலைப் பக்கமே போவதில்லை, அவனுக்கு ஆல்ஃபா எச்1தான் சரி. வருகிற தை மாதம் அவனுக்கு ஓசூரில் வேலை. அதன்பிறகு வாரா வாரம் சேலத்துக்கு நாலுவழிச் சாலையில் வந்து போவான். 5,000 கி.மீ. ஆனதும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.