திருவனந்தபுரம் மெமரி கிளினிக், பாட்டியை கூட்டிட்டு போன கதை

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டுல வயசானவங்களுக்கு ஓர்மை பிசகுதுன்னு கவலைப்படறவங்களுக்காக எழுதறேன். ஆஸ்பத்திரி பேர் போடல, அம்மா வேண்டாம்னுட்டா.

முதல்ல நம்ம பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலதான் காட்டினோம். நூறுலருந்து ஏழு ஏழா குறைங்க, ஒரு வரி எழுதுங்க, கடிகாரம் வரைங்க, அவ்வளவுதான் டெஸ்ட். பாட்டி ரெண்டாம் கிளாஸோட அண்டியாபீஸுக்கு, அதான் முந்திரி ஃபேக்டரிக்கு, பருப்பு உடைக்க போனவ, பேனா புடிச்சதே ரேஷன் கடையில கையெழுத்து போடத்தான், அவகிட்ட போயி கடிகாரம் வரைன்னா என்ன வரைவா? மார்க் கம்மி, அல்சைமர், மாத்திரை, அடுத்த டோக்கன். ரத்தம் கூட எடுக்கல.

திருவனந்தபுரத்துல கதையே வேற. சைக்காலஜிஸ்ட் பொண்ணு பாட்டி பக்கத்துல நாற்காலிய இழுத்து போட்டு உக்காந்து, வீட்டுல கணக்கு பாக்கறது தமிழ்லயா மலையாளத்துலயா, எத்தன வருஷம் பள்ளிக்கூடம் போனீங்க, என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டுதான் டெஸ்டே ஆரம்பிச்சா. ஒரு நிமிஷத்துல மிருகம் பேரா சொல்லணும். பாட்டி ஆடு, மாடு, பட்டின்னு சொல்லிட்டு நின்னுட்டா, அப்புறம் மெதுவா "மீனு கணக்குல வருமா மக்களே"ன்னு கேட்டா. வரும்னதும் பாக்கணுமே, சாளை, அயிலை, நெத்தோலி, சூரை, வாளை, கணவான்னு எழுதறவ கை வலிக்கிற வேகம். ஆனா ஒரு பேரும் விலாசமும் சொல்லி குடுத்து கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பி கேட்டப்போ, விலாசம் மறந்தது மட்டும் இல்ல, அப்படி ஒண்ணு சொல்லி குடுத்ததே ஓர்மை இல்ல. எனக்கு வயித்தை கலக்கிடுச்சு.

இந்த டெஸ்ட் பின்னாடி ஒரு ஆளோட உழைப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாரு, அப்புறம் நானும் தேடி படிச்சேன். டாக்டர் மதுரநாத்னு ஒரு நியூராலஜிஸ்ட், இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருந்தப்போ ஜான் ஹாட்ஜஸ் டீமோட சேந்து 2000ல ஆடன்புரூக்ஸ் டெஸ்ட்னு 100 மார்க்குக்கு ஒண்ணு கொண்டு வந்தாரு, இப்ப உலகம் பூரா ஓடுது. அப்புறம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டு அதையே மலையாளம் பேசறவங்களுக்கு மாத்தி 2004ல வெளியிட்டாரு. அதாவது படிச்ச வெள்ளக்காரனுக்கு வச்ச பாஸ் மார்க்க நம்ம ஊரு கிழவிக்கும் அப்படியே வச்சா நல்லா இருக்கறவளுக்கும் நோயின்னு வரும், அதான் விஷயம். வருத்தம் என்னன்னா ஐசிஎம்ஆர்ங்கற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு இதே மாதிரி ஒரு டெஸ்ட் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம்னு அஞ்சு பாஷையில செஞ்சுது, அந்த அஞ்சுல தமிழ் இல்ல. எங்களுக்கு அந்த சைக்காலஜிஸ்ட் பொண்ணு பார்டர்ல இருக்கற பாறசாலைக்காரியா போனதால தப்பிச்சோம், தமிழ் மலையாளம் ரெண்டும் பேசுவா. எல்லாருக்கும் அப்படி அமையுமான்னு தெரியாது, போன்லயே கேட்டுட்டு போங்க.

ரெண்டு பாஷை பேசறது மூளைக்கு நல்லதாமேன்னு மாமா டாக்டர்கிட்ட கேட்டாரு. ஐதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில டாக்டர் சுவர்ணா அல்லாடி டீம் 648 மறதி நோயாளிகள பாத்து 2013ல எழுதினத சொன்னாரு, ரெண்டு பாஷைக்காரங்களுக்கு நோய் சராசரியா நாலரை வருஷம் தள்ளி வந்திருக்கு, பள்ளிக்கூடம் போகாதவங்ககிட்டயும் அந்த வித்தியாசம் இருந்துச்சு. நோயே வராதுன்னு அர்த்தம் இல்லன்னு டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, மாமா முகம் கொஞ்சம் வாடிருச்சு.

எம்ஆர்ஐ, தைராய்டு, பி12 எல்லாம் பாத்தாங்க. பி12 ரொம்ப கம்மி, அதுவே மறதிய கூட்டும், ஊசி போட்டு ஆறு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட். ஸ்கேன்ல ஹிப்போகேம்பஸ் சுருங்கினத காட்டி, புது விஷயம் பதியற இடம் இதுதான், அதான் அண்டியாபீஸ் கதை பூரா சொல்றா, காலையில தின்ன இட்லி மறந்து போவுதுன்னு விளக்கினாரு. அல்சைமருக்கு குடுக்கற டோனெபிசில் மாத்திரை நோய நிறுத்தாது, கொஞ்ச நாளைக்கு கொஞ்சம் தெளிவு தரும், அவ்வளவுதான்னு நேராவே சொல்லிட்டாரு. யூடியூப்ல பாத்த லெகனெமாப்ங்கற புது அல்சைமர் மருந்து பத்தியும் கேட்டேன், 18 மாச ஆராய்ச்சியில நோயோட வேகத்த 27 சதவீதம் குறைச்சிருக்கு, ஆனா மூளையில வீக்கம், ரத்தக்கசிவு வரலாம், பாட்டிக்கு வேண்டாம்னாரு. பொய் நம்பிக்கை குடுக்கலங்கறதுக்கே பாதி ஸ்டார்.

குறையும் இருக்கு. காத்திருப்பு ரொம்ப நேரம், வயசானவங்க வர்ற இடத்துல அந்த இரும்பு பெஞ்ச் யாரு போட்டாங்களோ, பாத்ரூம் ஒரு மாடி கீழ, லிஃப்ட்ல எப்பவும் கூட்டம். கேன்டீன் சாயா நல்லா இருக்கு, பழம்பொரி வேண்டாம். அஞ்சுக்கு நாலு குடுக்கலாம்.

போறவங்க பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துட்டு போங்க. தினமும் கூட இருக்கறவங்களே போங்க, ஏன்னா குளிக்கறது, சில்லறை எண்ணறது, அடுப்பு அணைக்கறதுன்னு ஏகப்பட்ட கேள்வி வீட்டு ஆளுககிட்டதான் கேக்கறாங்க, எங்களுக்கு முன்னாடி துபாய்லருந்து லீவுல வந்த மகன் ஒருத்தர் ஒவ்வொரு கேள்விக்கும் வெளிய வந்து பொண்டாட்டிக்கு போன் போட்டுட்டு இருந்தாரு.