எம்.ஐ.டி.யின் சப்ளை செயின் மைக்ரோமாஸ்டர்ஸ்: சேரலாமா?

சப்ளை செயின், அதாவது பொருள்களைத் தயாரிப்பிலிருந்து வாடிக்கையாளர்வரை கொண்டுசேர்க்கும் சங்கிலி பற்றி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் நடத்தும் முதுகலைத் தரச் சான்றிதழ்ப் படிப்பு இது. ஐந்து பாடங்கள், முடிவில் ஒட்டுமொத்தத் தேர்வு. முதல் பாடம் முழுக்கக் கணக்கு: நேரியல் நிரலாக்கம் (வரம்புகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் முறை), நிகழ்தகவு, ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எப்படி மாறுகிறது என்று தரவிலிருந்து கணிப்பது). இதில் தடுமாறினால் அடுத்தவை ஏறாது.

உயிர்நாடி இரண்டாவது பாடம்தான். பாதுகாப்பு இருப்பை, அதாவது தேவை திடீரென ஏறினாலும் தட்டுப்பாடு வராமலிருக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கைக் கணக்கிடும் பகுதி ஒன்றே கட்டணத்துக்குத் தகும். வாரத் தேவையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) 50, சரக்கு வந்துசேர 4 வாரம் என்றால் பலரும் 50-ஐ 4-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். வாரத் தேவைகள் ஒன்றையொன்று சாராதவரை, பெருக்க வேண்டியது 4-இன் வர்க்கமூலத்தால், விடை 100. 95% சேவை நிலைக்கு (நூற்றில் 95 முறை சரக்கு தீர்ந்துபோகாமலிருக்க) 1.645 மடங்கு, அதாவது சுமார் 165 உருப்படி. தப்பாகப் போட்டால் 329. அத்தனை பணமும் கிடங்கில் முடங்கும்!

கடைசிப் பாடத்தில் எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி), ஈ.ஆர்.பி. (நிறுவனத்தின் எல்லாத் துறைக் கணக்குகளையும் இணைக்கும் மென்பொருள்), கிடங்கு மென்பொருள் எல்லாம் வருகின்றன. ஆனால் பயிற்சித் தரவு மிகச் சுத்தம். நிறுவனங்களில் ஒரே பொருள் ஓரிடத்தில் பெட்டிக் கணக்கிலும் வேறிடத்தில் எண்ணிக்கையிலும் பதிவாகியிருக்கும். புது மென்பொருள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். அந்தத் துப்புரவு வேலைக்கு இன்னும் நிறையப் பயிற்சி தந்திருக்க வேண்டும்.