புது பேட் போட்டும் பிரேக் பிடிக்கவில்லை: செட் பண்ணுவதா, டிஸ்க்கைச் சரிசெய்வதா, பேடையே மாற்றுவதா?

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் கம்பெனி பேட் தேய்ந்து, வெளிமார்க்கெட் பேட் வாங்கிப் போட்டாயிற்று. வண்டியை எடுத்தால் முன்பு லேசாக மிதித்த இடத்தில் இப்போது காலை ஊன்றி அழுத்த வேண்டியிருக்கிறது. பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி வரும் புகார் இது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள அந்த வண்டிகளில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான் போகிறது. அதனால் முன் பேடின் குறை உடனே காலுக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. போட்ட பேடையே முறையாகச் செட் ஆக விடுவது ஒன்று. பேடை விட்டுவிட்டு டிஸ்க்கைச் சரிசெய்வது இன்னொன்று. பேடைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு ரகம் வாங்குவது மூன்றாவது. பெரும்பாலானோர் நேராக மூன்றாவதுக்குப் போய்விடுகிறார்கள். அதே டிஸ்க்கில் இன்னொரு புது பேடைப் போட்டு, அதே புகாருடன் திரும்பி வருகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க்கின் முகம்தான்.

முதலில் பெடல் என்ன சொல்கிறது?

இந்த மூன்று வழிகளும் ஒரே ஒரு அறிகுறிக்குத்தான் பொருந்தும்: பெடல் கெட்டியாக, உயரமாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது. வேறு மாதிரி இருந்தால் பேடைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் லைனில் ஏர் இருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரோ எங்காவது கசிவோ காரணம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. பாதி தூரம் வெறுமனே போய்ப் பிறகு கெட்டிப்பட்டால் பின் டிரம் லைனர் அட்ஜஸ்ட்மென்டைப் பாருங்கள். கை பிரேக் பத்துக் கிளிக்கைத் தாண்டுகிறது என்றால் சந்தேகம் உறுதி. பெடல் கல் மாதிரி இருந்தால், காலின் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டரைச் சோதியுங்கள்: இன்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் ஹோஸ் அல்லது பூஸ்டர்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கத்துக் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சரியாக வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வெளிமார்க்கெட் பேடில் அடிக்கடி நடப்பது இது: பின்தகட்டில் பெயின்ட் தடிமனாக இருக்கும், அதன் இரு நுனியிலும் நீட்டியிருக்கும் காதுப்பகுதி பிராக்கெட்டில் இறுகிக்கொள்ளும். சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றிய பேட் தானாகப் பின்வாங்காது, முன்னேறவும் தயங்கும். கிளிப் போட்டபின் விரலால் தள்ளினாலே பேட் நகர வேண்டும். இறுக்கமாக இருந்தால் காதில் உள்ள பெயின்டை மட்டும் அரத்தால் தேய்த்து எடுங்கள். காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இரண்டையும் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பச் செய்து பின்னைப் பிடித்துக்கொள்ளும்.

வழி ஒன்று: செட் ஆக விடுவது

செலவு இல்லை, அரை மணி நேரம் போதும். புது பேட் வெறும் உரசலால் மட்டும் பிடிப்பதில்லை. சூட்டில் பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் ஒட்ட வேண்டும்; அதன் மேல்தான் முழுப் பிடிப்பு வருகிறது. கூடவே, புது பேடின் பிசின் முதல் சூட்டில் வாயு விடும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நிற்கும் சில நொடிகள் பிரேக் வழுக்கும். இதைப் பேடின் தரக்குறைவு என்று நினைத்துக் கழற்றியவர்கள் நிறைய.

வாகனமில்லாத நேரான சாலையில், 60 கி.மீ. வேகத்திலிருந்து 20க்கு நடுத்தர அழுத்தத்தில் இறக்குங்கள். ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு வேண்டாம், முழுதாக நிற்கவும் வேண்டாம். அரை கிலோமீட்டர் இடைவெளி விட்டு இதைப் பத்து முறை செய்யுங்கள். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாத மாதிரி ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தியபடி சிக்னலில் நின்றால் பேடின் அச்சு அந்த ஒரே இடத்தில் பதியும். பின்னால் வரும் ஸ்டியரிங் நடுக்கத்துக்கு அதுவே விதை. பேட் பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

பேடும் டிஸ்க்கும் நல்ல நிலையில் இருந்தால் இதிலேயே வித்தியாசம் தெரியும். அதன்பின் 300 கி.மீ. சாதாரணமாக ஓட்டியும் மாற்றம் இல்லையென்றால், இன்னும் செட் ஆகட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. சக்கரத்தைக் கழற்றுங்கள்.

வழி இரண்டு: டிஸ்க்கைப் பார்ப்பது

டிஸ்க்கின் வெளி விளிம்பில் விரல்நகத்தை வைத்து உள்நோக்கி இழுத்துப் பாருங்கள். பழைய பேட் தொடாத ஓரத்தில் துருவேறிய ஒரு படி நிற்கும். புது பேடின் அளவு ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் அதன் நுனி அந்தப் படியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அப்போது டிஸ்க்கின் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பான வளையம் தெரியும்; மீதிப் பரப்பு முழுக்க மங்கலாக, சில இடத்தில் பழுப்பாக இருக்கும். கழற்றிய பேடிலும் ஒரு கோடு மட்டும் தேய்ந்திருக்கும். கையளவு பேடில் விரலளவுதான் வேலை செய்கிறது, அந்தச் சிறு பரப்பு சீக்கிரம் எரிந்து கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிறது. இந்த வண்டிக்கு எவ்வளவு விலையுயர்ந்த பேட் போட்டாலும் இதுவே நடக்கும்.

படி இல்லாவிட்டாலும் பழைய பேடின் படலம் இருக்கிறது. ஆர்கானிக் (நாரும் பிசினும் கலந்த) பேட் விட்டுப்போன படலத்தின் மேல் செமி மெட்டாலிக் (உலோகம் கலந்த) பேட் போட்டால், புதியது முதலில் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டிய இடமும் சுரண்டாத இடமுமாகத் திட்டுத்திட்டாக நின்று பிடிப்பு ஏறியிறங்கும். டிஸ்க் நேராக, தடிமனாக இருந்தால் 120 நம்பர் எமரி ஷீட்டை வட்டமாகச் சுழற்றித் தேய்த்து, பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் வரும்வரை எடுத்தால் போதும். பேட் முகத்தையும் சமமான கண்ணாடித் துண்டின் மேல் எமரி வைத்துத் தேய்க்கலாம். விரிசலோ, ஓரம் உதிர்வோ, எண்ணெய் ஊறலோ இருந்தால் பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஊறிய எண்ணெயைத் தீயில் காட்டி எடுக்கும் பழக்கம் ஆபத்தானது. பிரேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள். ஈரத்துணியும் மாஸ்க்கும் போதும்.

லேத்தில் கொடுத்து முகம் எடுப்பதா, புது டிஸ்க் வாங்குவதா? டிஸ்க்கின் நடுமேட்டிலோ ஓரத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். தேய்த்தபின்னும் அதைவிட நன்றாக மேலே நிற்கும் என்றால் மட்டும் லேத். அளக்கும்போது வெர்னியர் ஏமாற்றும்: அதன் தாடைகள் ஓரத்துப் படியில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீட்டரால், ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, எட்டு இடத்தில் அளவெடுங்கள். இடத்துக்கு இடம் 0.02 மி.மீ. மாறினாலே பெடலில் துடிப்பு தெரியத் தொடங்கும். எதைச் செய்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்ய வேண்டும். சிறிய கார்களில் டிஸ்க் குறைந்தபட்சத்தை நெருங்கியிருந்தால் லேத்துக்குப் போகாமல் புதிது வாங்குவதே என் தேர்வு. மெலிந்த டிஸ்க் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளாது, மலையிறக்கத்தில் அது காட்டிக்கொடுக்கும்.

புது டிஸ்க்கிலும் ஒரு கண்ணி உண்டு. துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் முழுதாகக் கழுவ வேண்டும். டீசல் துணியால் துடைத்துவிட்டு மாட்டினால் அந்தப் பிசுபிசுப்பு நேராகப் பேடுக்குள் போகும். லேத்திலிருந்து வந்த டிஸ்க்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத்துணியில் கறுப்பு ஏறாத வரை துடையுங்கள். ஹப் முகத்தில் துருத்துணுக்கு நின்றால் டிஸ்க் கோணிக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்தபின் டயல் கேஜில் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் வருகிறதா என்று பாருங்கள். வீல் நட்டை ஏர் கன்னால் ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு முடுக்குங்கள்.

வழி மூன்று: பேடையே மாற்றுவது

டிஸ்க் சுத்தம், ஸ்லைடு பின் நகர்கிறது, செட்டும் ஆகிவிட்டது, இன்னும் கால் வலிக்கிறது என்றால் ரகம்தான் பொருந்தவில்லை. பல பேடின் ஓரத்தில் அச்சிட்ட குறியீட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. கம்பெனி பேட் 0.42 ஆக இருந்து நீங்கள் போட்டது 0.30 என்றால், அதே தூரத்தில் நிற்க 40 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். எஃப்எஃப் போட்டிருந்த வண்டிக்கு ஈஈ வாங்கியவருக்குக் கிடைப்பது இதுதான். ஒரே எழுத்துக்குள்ளும் 0.36க்கும் 0.44க்கும் காலுக்குத் தெரியும் வித்தியாசம் உண்டு. ஆகவே எழுத்து வடிகட்ட மட்டும் உதவும், தரச்சான்று ஆகாது.

அதைவிட நம்பகமானது ஐரோப்பிய ஆர்90 அங்கீகாரம். மாற்று பேடின் செயல்திறன் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது அதன் விதி. வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும், அருகில் 90ஆர் என்று தொடங்கும் எண்ணும் பின்தகட்டில் இருக்கும்.

ரகங்களில், ஆர்கானிக் சத்தமில்லாமல் குளிரிலேயே பிடிக்கும், டிஸ்க்கைத் தின்னாது, ஆனால் சூட்டில் முதலில் தளர்வதும் அதுதான். செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும். காலையில் முதல் மிதியில் சோம்பல், கீச்சொலி, கறுப்புத் தூசி, டிஸ்க் தேய்மானம் உண்டு. செராமிக் தூசி குறைவு, மிருதுவாகப் பிடிக்கும். தொட்டதும் கவ்வும் பேடுக்குப் பழகிய கால், செராமிக்குக்கு மாறினால் பிரேக் குறைந்த மாதிரி உணரும். நிற்கும் தூரத்தை அளந்து பார்க்காமல் அதைக் கழற்ற வேண்டாம். ரேஸ் பேடைத் தெருவில் ஓட்டும் வண்டிக்குப் போடவே கூடாது. சூடேறும் வரை அது பிடிக்காது. குறுக்கே ஓடும் குழந்தை அதற்குக் காத்திருக்காது.

நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஆர்90 உள்ள ஆர்கானிக்கோ கம்பெனி பேடோ போதும். மலைக்குப் போகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு டன் வண்டி 1000 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், 60 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 70 முறை முழுதாக நிற்பதற்குச் சமம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் முழுதும் பேடுக்கு. இப்படி ஓடும் வண்டிக்கு மெட்டல் கலந்த பேடும் புது பிரேக் ஆயிலும் சேர்ந்தே வேண்டும். டாட் 3 ரக ஆயில் புதிதில் 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறியபின் 140லேயே கொதிக்கலாம்; டாட் 4க்கு அது 230ம் 155ம். இரண்டு வருடம் மாற்றாத ஆயிலோடு இறங்கி, பாதிவழியில் பெடல் பஞ்சானால் பேடைத் திட்டுவதில் நியாயமில்லை.

எந்த பேடுக்கு மாறினாலும், கம்பெனி பேடுக்கே திரும்பினாலும், முந்தையதன் படலத்தை எமரியால் எடுத்துவிட்டு, 60லிருந்து 20க்கு அந்தப் பத்து முறையையும் மறுபடி செய்யுங்கள். பிஸ்டனைப் பின்தள்ளும்போது காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற இருக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலை வெளியே விடுங்கள். அழுக்கு ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போகாது. நிப்பிளை மூடி, ஆயில் அளவைச் சரிபார்த்து, வண்டி ஓர் அங்குலம் நகரும் முன் பெடல் கெட்டிப்படும் வரை மிதியுங்கள். பிஸ்டன் பின்தள்ளிய நிலையில் முதல் மிதி தரை வரை போகும்.