எஃப்1 அழுத்தினால் எது திறக்க வேண்டும்: சிஎச்எம் கோப்பா, எச்டிஎம்எல் ஃபோல்டரா?

விண்டோஸ் மென்பொருளுக்குள் உதவிப் பகுதி சேர்க்கப் போனால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் கண்ணில் படும். ஒன்று, 1997-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சிஎச்எம், அதாவது எச்டிஎம்எல் பக்கங்களைச் சுருக்கிக் கட்டிய உதவிக் கோப்பு வடிவம். மற்றது, சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு பிரவுசரில் திறப்பது.

சிஎச்எம்மில் சௌகரியம் என்னவென்றால், ஒரே கோப்பு. பொருளடக்கம், சொல்லடைவு, தேடல் எல்லாம் உள்ளேயே. ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால், எஃப்1 அழுத்தியதும் அந்தத் திரைக்கான பக்கமே வந்து நிற்கும். இணையமும் வேண்டாம்.

சரி, தமிழில் எழுதிப் பாருங்கள். பக்கத்துக்குள் எழுத்து நன்றாகத் தெரியும். இடப்பக்கப் பொருளடக்கத்தில் வெறும் கேள்விக்குறிகள். அந்தப் பகுதிக்கு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடு) தெரியாது, தமிழுக்கோ விண்டோஸில் பழைய ஏஎன்எஸ்ஐ குறியீட்டுப் பக்கம் (மொழிவாரியான பழைய எழுத்து அட்டவணை) கிடையாது. இன்னொரு தொல்லையும் உண்டு. இணையத்திலிருந்து இறக்கிய சிஎச்எம்மைத் திறந்தால் தலைப்புகள் வரும், வலப்பக்கம் காலியாக இருக்கும். பாதுகாப்புக்காக விண்டோஸ் போடும் தடை இது. நீக்க வேண்டுமானால் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், அன்பிளாக். இதை வாடிக்கையாளருக்கு போனில் விளக்கப் பொறுமை வேண்டும்.

எச்டிஎம்எல்லில் இந்த வம்பு இல்லை; லினக்ஸ், மேக்கிலும் அப்படியே ஓடும். தேடலை மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் நாமே அமைக்க வேண்டும். அப்புறம் ஒரு சின்னக் கண்ணி: பக்கத்தின் நடுவில் ஓர் இடத்துக்கு நேரே போக, விண்டோஸில் உள்ளூர்க் கோப்பின் முகவரியோடு # போட்டு அந்த இடத்தின் பெயரைச் சேர்த்துத் திறந்தால், பல சமயம் பிரவுசருக்குப் போகும் முன்பே அந்த வால் அறுந்துவிடும். ஆகவே தலைப்புக்கு ஒரு பக்கம் என்று பிரித்தே எழுதுங்கள்.

என் ஓட்டு ஃபோல்டருக்கே. விண்டோஸ் மட்டும், ஆங்கிலம் மட்டும் என்றால் சிஎச்எம் இன்றும் மோசமில்லை.