நகத்துக்கு அடியில் சொரியாசிஸ்: களிம்பா, ஊசியா?

நகத்தைச் சுரண்டி டெஸ்ட் எடுத்து, பூஞ்சைத் தொற்று இல்லை, சொரியாசிஸ்தான் (தோல் செதில் செதிலாகத் திரளும் நோய், நகத்திலும் வரும்) என்று உறுதியான பிறகு தோல் டாக்டர் எனக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, கால்சிபோட்ரியாலும் பீட்டாமெத்தசோனும் கலந்த களிம்பு. இன்னொன்று, ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நகத்தருகே போடும் ஊசி. நான் களிம்பைத்தான் எடுத்தேன், இன்றைக்கும் அதன் பக்கம்தான்.

ஊசியைக் குறை சொல்லவில்லை. நகத்தின் மேல் குழி குழியாக இருந்தால் நோய் நகம் முளைக்கும் வேரில் இருக்கிறது என்று அர்த்தம், களிம்பு அவ்வளவு ஆழம் இறங்குவது கஷ்டம், அங்கே ஊசிக்குத்தான் பலம். ஆனால் வலிக்கும் என்று போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், பல விரல்களில் இருந்தால் நன்றாக யோசிக்க வேண்டிய விஷயம்.

எனக்கு இருந்தது அடியில். எண்ணெய்ச் சொட்டு விழுந்த மாதிரி மஞ்சள் கறை, கீழே செதில் திரண்டு நகமே தூக்கிக்கொண்டு நின்றது. இந்த நிலையில் எல்லாமே நகத்தை வெட்டுவதில்தான் இருக்கிறது. நகத்தின் மேல் எவ்வளவு தடவினாலும் மருந்து கீழே போகாது. தூக்கி நிற்கும் பகுதியை, ஒட்டியிருக்கும் இடம் வரை வெட்டிவிட்டு (ஒட்டாத நகம் என்பதால் வலிக்காது), வெளியே தெரியும் தோலில் தடவ வேண்டும். வளர வளர மறுபடி வெட்ட வேண்டும். செதிலைக் குத்தி நோண்டவே கூடாது, காயம் பட்ட இடத்தில் சொரியாசிஸ் இன்னும் கிளம்பும். பாத்திரம் துலக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பொறுமை. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ.தான் வளரும், முழுசாக மாற ஆறு மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். அதனால் முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், நகம் முளைக்கும் பக்கத்தில் புது நகம் இளஞ்சிவப்பாக, தோலோடு ஒட்டியபடி வருகிறதா என்று பாருங்கள். அதே சமயம் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது, டாக்டர் சொன்ன காலத்துக்கு மேல் தடவினால் விரல் தோல் மெலிந்துபோகும்.

களிம்பு, ஊசி தவிர சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையும் உண்டு. அதை நான் எடுத்ததில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் மாத்திரை அது, ரத்தப் பரிசோதனையும் தொடர்ந்து செய்ய வேண்டும். ஆனால் விரல் நுனி மூட்டு வீங்கினாலோ, காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்திருந்தாலோ களிம்பா ஊசியா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சொரியாசிஸ் மூட்டுக்கும் போகும், நகத்தில் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். மூட்டு டாக்டரிடம் சீக்கிரம் காட்டிவிடுங்கள்.